அலமாரியில் ஒன்பது ஆல்பங்கள்: குமரி மாவட்டக் கல்யாண வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் இந்த வருஷம் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் எல்லாருக்கும், கல்யாணம் முடிந்து வருஷக்கணக்காகியும் ஆல்பம் வாங்க வராதவர்களுக்கும்,

வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2001-ல் ஒரு அண்ணனிடம் லைட் பிடிக்கச் சேர்ந்தவன். அப்போது வீடியோ லைட் என்றால் கையில் தூக்கிப் பிடிக்கிற ஆயிரம் வாட் ஹாலோஜன், மணமேடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் வேர்த்து ஊற்றும். 2008-ல் சொந்தமாகக் கடை போட்டேன். இதுவரை எத்தனை தாலிகட்டு எடுத்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை, உங்கள் வீட்டுக் கல்யாணத்தையே எடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

கேட்க வந்தது ஒரே விஷயம். எங்கள் கூலியை ஆல்பத்தோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். எடுத்த வேலைக்கான பணத்தைக் கல்யாணத்தன்று இரவே கொடுத்துவிடுங்கள். ஆல்பத்துக்கான பணத்தைத் தனியாக, படங்களைத் தேர்ந்தெடுத்துத் தருகிற அன்று கொடுங்கள். இவ்வளவுதான். இது எங்களுக்கு எந்த அளவுக்குச் சோற்றுப் பிரச்சினை என்று வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போதைய வழக்கம் உங்களுக்கே தெரியும். தேதி குறித்ததும் ஒரு அட்வான்ஸ், கல்யாணத்தன்று ஒரு தொகை, மீதி ஆல்பம் கொடுக்கும்போது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை என் கணக்குப் புத்தகத்திலிருந்தே சொல்கிறேன். போன சீசனில் எடுத்த ஒரு நடுத்தரக் கல்யாணம், முந்தின நாள் ரிசப்ஷனும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து 95,000 ரூபாய் பேசினோம். அட்வான்ஸ் 25,000, கல்யாணத்தன்று 40,000, ஆக 65,000 கைக்கு வந்தது. பார்க்கிறவர்களுக்கு அது பெரிய தொகை. மாப்பிள்ளையின் சித்தப்பா அந்தக் கவரைக் கொடுக்கும்போது, "ரெண்டு நாளுல நல்லா சம்பாதிச்சிட்ட மக்கா" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். அன்று இரவே அதிலிருந்து கேண்டிட் போட்டோ, அதாவது போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கிற படம், எடுத்த பையனுக்கு 10,000, கேண்டிட் வீடியோவுக்கு 12,000, சாதா வீடியோ எடுத்தவருக்கு 5,000, ட்ரோன் கொண்டுவந்தவருக்கு 6,000, லைட் பிடித்த தம்பிக்கு 2,500. அவர்களுக்கு நான் பாக்கி வைக்க முடியாது, வைக்கவும் மாட்டேன், ஏனென்றால் அவர்களும் அடுத்த நாள் இன்னொரு கடைக்கு வேலைக்குப் போகிற தினக்கூலிக்காரர்கள். பெட்ரோல் இரண்டாயிரம். அப்புறம் வீடியோ எடிட்டிங்குக்கு 12,000, இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு ஆல்பம் டிசைன் செய்து அச்சடிக்க 22,000, பென் டிரைவ், பெரிய பிரேம் படம், காலண்டர் என்று 3,500. கூட்டிப் பாருங்கள், 75,000 வரும். வந்தது 65,000. அதாவது அந்தக் கல்யாணத்துக்கு என் கையிலிருந்து 10,000 போட்டிருக்கிறேன். எனக்கென்று நிற்க வேண்டிய 20,000, கைக்காசாகப் போட்ட 10,000, இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வராத 30,000. அச்சடித்த ஆல்பம் இரண்டும் கடை அலமாரியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது.

அந்த 20,000-லும் கடை வாடகை, கரண்ட் பில், கேமரா வாங்கிய லோனின் மாதத் தவணை எல்லாம் இருக்கிறது. கேமரா ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் வரும் என்று பலர் நினைக்கிறீர்கள். நான் நிறைய நாள் வைத்திருந்த மாதிரியான கேமராவுக்கு ஷட்டர் 1,50,000 கிளிக் தாங்கும் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. ஒரு கல்யாணத்துக்கு 4,000 கிளிக் என்றால் 38 கல்யாணத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேலும் ஓடும்தான், ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் நின்றுவிடுமோ என்று நெஞ்சில் பயத்தோடு யாரும் வேலை செய்ய முடியாது. நம் ஊரில் இரண்டு பருவமழையும் கொட்டுகிறது, போதாததற்குக் கடல்காற்று வேறு. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவதே ஒரு தனி வேலை.

சீசனையும் சொல்ல வேண்டும். ஆடியில் இந்து வீட்டுக் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. தவக்காலத்தில் கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணம் இல்லை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களிலும் கிடையாது. நம் மாவட்டத்தில் இரண்டு பக்கமும் எடுக்கிறவனுக்கே இவ்வளவு மாதம் வெறுமையாகப் போகிறது. இருக்கிற முகூர்த்தமும் ஒரே நாளில் வந்து குவியும், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து பேர் போன் பண்ணுவார்கள், ஒருவருக்குத்தான் போக முடியும், மற்ற நாலும் போய்விடும், அடுத்த இரண்டு வாரம் கடையில் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த மாதிரி மாதங்களைக் கடப்பதற்குத்தான் அந்தப் பாக்கிப் பணம்.

சரி, இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பிலிம் காலத்தில் இருந்து வந்தது. அப்போது ஒரு ரோலில் 36 படம். பத்து ரோல் எடுத்தால் அது பெரிய கல்யாணம். ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். எடுத்த எங்களுக்கே படம் எப்படி வந்திருக்கிறது என்று அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். வீட்டாருக்கு ஆல்பம் கைக்கு வந்தால்தான் தெரியும், அதற்கு முன்னால் தங்கள் கல்யாணத்தைப் பார்க்க வேறு வழியே கிடையாது. அதனால் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே, மறுவீடு விருந்து முடிந்த கையோடு, பெண்ணின் தம்பியோ மாமாவோ சைக்கிளில் கடைக்கு வந்துவிடுவார்கள். பணத்தோடு வருவார்கள். எங்கள் அண்ணன் அந்த ஆல்பத்தைப் பிரித்துக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பாக்கி என்ற பேச்சே வராது. ஆல்பத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்குவது என்ற ஏற்பாடு அந்தக் காலத்துக்குப் பொருந்தியது.

இன்றைக்கு அப்படியா? மாலை சூடுகிற நேரத்தில் முன்வரிசையில் இருபது போன் உயர்ந்து நிற்கிறது. பல கல்யாணம் லைவாகத் துபாயிலும் தோஹாவிலும் ஓடுகிறது. சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் எல்லா மாமி வீட்டு ஸ்டேட்டஸிலும் மணமக்கள் வந்துவிடுகிறார்கள். நாங்களும் அன்று இரவே பத்துப் படம் சரிசெய்து அனுப்புகிறோம், கேட்கிறீர்கள், கொடுக்க வேண்டியது எங்கள் கடமையும்கூட. ஒரு வாரத்தில் மொத்தப் படமும் பென் டிரைவில் வந்துவிடும். அதற்கப்புறம் ஆல்பத்துக்கு அவசரம் என்ன இருக்கிறது? யாருக்கும் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, நானே என் தங்கை கல்யாணத்துப் படங்களைப் போனில் பார்த்துவிட்டுத் திருப்தியாக இருந்தவன்தான். ஆனால் பார்க்கிற விதம் முழுக்க மாறிப்போனது, பணம் கொடுக்கிற விதம் மட்டும் 1990-களிலேயே நிற்கிறது. அந்த இடைவெளியில் விழுந்து கிடக்கிறது எங்கள் கூலி.

நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருப்பார். நாற்பது நாள் லீவில் வருவார். அந்த நாற்பது நாளுக்குள் நிச்சயம், துணிமணி, கல்யாணம், விருந்து வீடுகள், மூணாறோ கொடைக்கானலோ ஒரு பயணம், அப்புறம் முட்டம், சங்குத்துறைக் கடற்கரைகளில் அவுட்டோர் போட்டோ, 2024 டிசம்பர் கடைசியில் கன்னியாகுமரிக் கடலில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அங்கேயும் எடுக்க வேண்டும் என்கிறார்கள், படகு வரிசையில் நிற்பதிலேயே அரை நாள் போய்விடும். இதற்கு நடுவில் மூவாயிரம் படத்தைப் பார்த்து அதில் இருநூறைத் தேர்ந்தெடுக்க அந்தப் பிள்ளைகளுக்கு நேரம் எங்கே? திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிடுவார். பெண் தனியாகத் தேர்ந்தெடுக்கத் தயங்குவாள், மாமியார் வீட்டுப் பக்கம் யாராவது விட்டுப்போனால் பேச்சு வரும் என்று பயம். சில மாதத்தில் அவளுக்கும் விசா வந்துவிடும். பாக்கியைக் கேட்டுப் போன் பண்ணினால் அப்பா எடுப்பார். "எனக்க மவன் அடுத்த லீவுல வரும்பம் பாத்துக்கிடலாம் தம்பி." அடுத்த லீவு என்பது ஒரு வருஷம், சில சமயம் இரண்டு வருஷம். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை ஆல்பம் வாங்கவில்லை, அதனால் பணம் கொடுக்கவில்லை, கணக்கு நேராக இருக்கிறது. கல்யாணத்துக்கு அதிகாலை நாலரை மணிக்கே பெண் வீட்டில் போய் நின்றவன் நான் என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அப்படியானால் பாக்கி தரும்வரை ஆல்பத்தையும் படத்தையும் பிடித்து வைத்துக்கொள், அவர்களே தேடி வருவார்கள் என்று தொழிலில் சிலர் சொல்வார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தேன். ஏன் விட்டேன் என்பதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

2016-ல் ஒரு கடற்கரை ஊரில் கல்யாணம் எடுத்தேன். ஊரின் பெயர் வேண்டாம். மாப்பிள்ளை ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர், போனால் பல நாள் கழித்துத்தான் கரை திரும்புவார். சர்ச்சில் தாலிகட்டு முடிந்து வெளியே வரும்போது அவருடைய கூட்டாளிகள் அவரை அப்படியே தூக்கிவிட்டார்கள், அந்தப் படம் நன்றாக வந்திருந்தது. பாக்கி 14,000 இருந்தது. "அடுத்த தடவை கரைக்கு வந்ததும் தந்து தீத்திருதேன் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தார், இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவும் செய்தார், 6,000 மிச்சம் நின்றது. ஆல்பம் என் அலமாரியில் இருந்தது. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அவர் அன்று கடலில் இருந்தார். திரும்பி வரவில்லை.

டிசம்பர் பாதியில் அவருடைய மச்சினன் கடைக்கு வந்தார். படம் வேண்டும் என்றார். வீட்டில் வைத்துக் கும்பிட ஒன்று, அதிகாரிகளிடம் கொடுக்கச் சின்னதாகச் சில. வீட்டில் அவருடைய நல்ல படம் வேறு எதுவுமே இல்லை. கல்யாண ஆல்பம் உங்களிடம்தானே இருக்கிறது என்றார். அவர் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை, வெறும் தகவலாகத்தான் சொன்னார். நான் அலமாரியைத் திறந்து ஆல்பத்தை எடுத்தபோது கை நடுங்கியது. ஒன்றரை வருஷம் அந்தப் பெண் தன் கல்யாண ஆல்பத்தை ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை, 6,000 ரூபாய்க்காக. அது என் நியாயமான பணம்தான். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தை இன்றுவரை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கி பிரேம் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஊருக்கு அந்த வாரம் இதே வேலையாகப் போன ஸ்டுடியோக்காரன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

அன்றிலிருந்து பாக்கிக்காக ஆல்பத்தைப் பிடித்து வைப்பதில்லை. யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன், படங்களை அதற்கு முன்பே கொடுத்துவிடுகிறேன். அதனால் என் கையில் இப்போது எந்தப் பிடிமானமும் இல்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்டு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம் என்று சட்டம் இருக்கிறது, ஒரு வக்கீல் நண்பர் சொல்வார். கல்யாண வீட்டின் மேல் வழக்குப் போட்ட போட்டோக்காரனை அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? மிச்சம் இருப்பது உங்களிடம் வெளிப்படையாகக் கேட்பது ஒன்றுதான், கேட்கிறேன்.

மண்டபத்துக்கு முழு வாடகை கட்டாமல் சாவி கிடைக்காது. சமையல்காரருக்கு அடைப்பிரதமன் பாத்திரம் கழுவுவதற்குள் கணக்கு முடித்துவிடுகிறீர்கள். தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறவரிடம் மாலையைக் கையில் வாங்கும்போதே பணம் போய்விடுகிறது. செண்டைமேளக்காரர்கள் வண்டி ஏறுவதற்கு முன் கவர் வாங்கிவிடுகிறார்கள். இதெல்லாம் சரிதான், அவர்கள் அன்றைய வேலையை அன்றைக்கே முடித்தவர்கள். நாங்களும் அன்றைய வேலையை அன்றைக்கே முடித்தவர்கள்தான். ஆல்பம் அதற்கப்புறம் வருகிற இன்னொரு வேலை.

மேலே சொன்ன அதே 95,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆல்பத்துக்கு 22,000. அதை ஒதுக்கிவிட்டு மீதி 73,000-ஐக் கல்யாண இரவுக்குள் கொடுத்துவிட்டால் எனக்குப் போதும். ஆல்பத்துக்கான 22,000-ஐப் படம் தேர்ந்தெடுத்துத் தருகிற அன்று கொடுங்கள், அது அடுத்த மாதமோ அடுத்த லீவோ, எனக்குக் கவலை இல்லை. அன்றைக்கு அச்சுக் கூலி ஏறியிருந்தால் ஏறிய விலையைப் பேசிக்கொள்வோம். ஆல்பமே வேண்டாம், போனில் இருந்தால் போதும் என்று முடிவு பண்ணினாலும் மனத்தாங்கல் இல்லாமல் பிரிந்துவிடலாம். அச்சுக் கூலி ஏறாத வரை தொகை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, கொடுக்கிற நாள் மட்டும்தான் மாறுகிறது.

உங்கள் பக்கம் இருக்கிற பயமும் எனக்குத் தெரியும். முழுசாகக் கொடுத்துவிட்டால் இவன் வீடியோவைத் தராமல் இழுத்தடிப்பான். இந்தப் பயம் வெறுமனே வந்ததில்லை, எங்கள் தொழிலில் சிலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தமாக வேலையை ஒப்புக்கொண்டு, போன கல்யாணத்து வீடியோவை ஒரு வருஷம் கிடப்பில் போட்டவர்கள் உண்டு. ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்து அது போய்விட்டது என்று கையை விரித்தவர்களும் உண்டு. தாலிகட்டுப் படத்தைத் தொலைத்தவரிடம் எவ்வளவு பணம் திருப்பி வாங்கினாலும் அது வராது. அந்தக் கோபம் நியாயமானது, அதற்கு எங்கள் தொழில் தலைகுனியத்தான் வேண்டும்.

அதனால் ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே எழுதுவோம், வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போடட்டும், நானும் போடுகிறேன். எல்லாப் படமும் எத்தனை நாளில், வீடியோ எத்தனை நாளில், படம் தேர்ந்தெடுக்கப் போவது பெண்ணா மாப்பிள்ளையா அல்லது வேறு யாருமா, ஆல்பம் எத்தனை ஷீட், ஒரு நாள் தவறினால் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் அதில் போடுவோம். படங்களை இரண்டு டிஸ்கில் வைப்பேன் என்று எழுதித் தருகிறேன், எவ்வளவு காலம் வைத்திருப்பேன் என்பதையும் எழுதித் தருகிறேன், ஏனென்றால் இருபது வருஷம் கழித்தும் என்னிடம் இருக்கும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது: காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக எடுக்கிற படத்தின் காப்புரிமை, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, எடுக்கச் சொன்னவருக்குத்தான் என்று 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது உங்கள் கல்யாணப் படம் உங்களுடையது. என் கடைப் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போட வேண்டுமானால் நான்தான் உங்களிடம் கேட்க வேண்டும். அதையும் அந்தத் தாளிலேயே கேட்பேன், வேண்டாம் என்றால் போட மாட்டேன். பெண் பிள்ளைகளின் படம் என்பதால் இதில் நான் கூடுதல் கண்டிப்பாக இருக்கிறேன், என்னிடம் வேலை செய்கிற பையன்களுக்கும் இதுதான் சட்டம்.

இந்தத் தாளைப் பற்றிப் பேசினால் சில வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள், நல்ல காரியத்துக்கு முன்னால் என்ன பத்திரம் என்று. மண்டபத்துக்கு ரசீதும், நகைக்குப் பில்லும் வாங்குகிறவர்கள்தானே நாம்.

என்னிடம் வேலை பழகிய பையன்களில் மூன்று பேர் இப்போது வெளிநாட்டில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்கிறார்கள். மூன்று பேருக்கும் நல்ல கை, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. ஒருவன் போகும்போது சொன்னான், "அங்க மாசம் முப்பதாம் தேதி சம்பளம் வரும்லா அண்ணே." பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர்க் கல்யாணத்தை அவனை விட நன்றாக எடுக்க யாருக்குத் தெரியும், எந்தச் சர்ச்சில் எத்தனை மணிக்கு எந்த ஜன்னல் வழியாக வெயில் வரும் என்று அவனுக்குத் தெரியும். இப்போதும் சீசனில் போன் பண்ணி எந்த மண்டபத்தில் வேலை என்று கேட்பான்.

கடைசியாக, கல்யாணம் முடிந்தும் வராதவர்களுக்கு. என் அலமாரியில் ஒன்பது ஆல்பங்கள் இருக்கின்றன. 2019 வைகாசியில் மாம்பழ நிறப் பட்டு கட்டியிருந்த பெண்ணுடையது ஒன்று, மேடையில் மழலை பேசிக்கொண்டே நடுவில் புகுந்துவிட்ட அந்த அக்காள் மகன் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான். மழைக்குப் பயந்து சர்ச் வாசலில் ஒரே குடையில் நின்ற ஜோடியுடையது ஒன்று. ஒன்றில் தாத்தா ஒருவர் எல்லாப் படத்திலும் வெற்றிலைப் பெட்டியோடு இருக்கிறார், அவர் தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி இருக்கிறதே என்று கூச்சப்பட்டு வராமல் இருக்காதீர்கள், அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், கொஞ்சம் கொஞ்சமாகவும் கொடுக்கலாம். காலை பத்து மணிக்குக் கடை திறப்பேன், மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவேன், மூன்று மணியிலிருந்து ராத்திரி எட்டு வரை இருப்பேன். முகூர்த்த நாளில் மட்டும் வர வேண்டாம்.